வெள்ளையடித்த காடு

போன வாரம் குல்பராவை ஜலால்-அபாத் பஸ் நிலையத்தில், ஒரு கையில் மகளின் புது மூக்குக்கண்ணாடியும் மறு கையில் செல்போனுமாக நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். நடுவழியில் ஒருத்தியை அப்படி விட்டுவிட்டு வருவது பாவம்தான். என்ன செய்வது, பக்கம் தீர்ந்துவிட்டது.

போனில் அவள் புருஷன் மக்சத் கேட்ட கேள்வி இன்னும் அவள் காதிலேயே நிற்கிறது. மக்சத்துக்கு ரஷ்யாவில் கட்டட வேலை. மகள் படம் வரைந்தால் அப்பாவைச் செல்போனுக்குள் இருக்கிற ஆளாகத்தான் வரைகிறாள். அத்தனை வருஷமாகிறது அவன் போய்.

"இந்தக் குளிர்காலத்துக்கும் ஒப்பந்தம் போடறியான்னு மேஸ்திரி கேக்கறான். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். உங்க காத்துக்காசு விஷயம் என்ன ஆகுதுன்னு பாத்துட்டு நீயே சொல்லு குல். கையெழுத்து போடறதா, ஊருக்கு வந்துடறதா?"

அந்த நாளைதான் இன்று.

காத்துக்காசு என்பது ஜங்காக்-பெல் ஊர்க்காரர்கள் வைத்த பெயர். ஊருக்குப் பின்னால் மலைச்சரிவு முழுக்க வால்நட் காடு. மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து கரியை இழுத்துத் தன் உடம்பில் சேர்த்து வைக்கிறது. மாடு மேயாமல் கன்றுகள் பிழைத்து, கோடாலி படாமல் காடு பெருத்தால், அப்படிச் சேர்ந்த கரிக்கு எங்கோ புகை விடுகிற கம்பெனிகள், தங்கள் புகைக்கு ஈடாக, விலை தருகின்றன. இதை ஊருக்குப் புரியவைக்க, காட்டுக் கமிட்டியில் மரம் அளக்கும் குழுவின் தலைவியான குல்பரா கரடியாய்க் கத்தியிருக்கிறாள். காற்றுக்கு எவன் காசு கொடுப்பான் என்று சிரித்தவர்கள், முதல் தவணையில் கொட்டை உலர்த்தும் கூடமும், பெண்கள் உட்கார்ந்து உடைத்துக் கூலி வாங்கும் கொட்டகையும் வந்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

இரண்டாவது தவணை வந்தால் காட்டுக் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள். அதில் ஒரு வேலை மக்சத்துக்கு என்று கமிட்டி பேசி வைத்திருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து காட்டைச் சரிபார்த்து, கணக்கு உண்மைதான் என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்தத் தவணை. அந்த அதிகாரி வருவது இன்று காலை.

பங்கு டாக்சி குல்பராவை வீட்டெதிரே இறக்கிவிட்டது.

வாசலில் நாத்தனார் ஜிபெக் வால்நட்டைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அறுவடைக் காலமென்றால் ஊரில் எல்லாருக்கும் தோல்சாறு பட்டுக் கை கறுத்திருக்கும். ஜிபெக்குக்கு முழங்கை வரை கறுப்பு. புருஷனோடு ஒத்துவராமல் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து அவள் வாய் மட்டும் ஓய்ந்ததில்லை.

"வாங்க அண்ணி. மூணு நாள் ஊர்ல இல்ல, அதுக்குள்ள இங்க பெரிய திருவிழாவே நடந்து முடிஞ்சுது."

"என்ன திருவிழா?"

"உங்க மாமனாரையே கேளுங்க. நான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. உங்களுக்கு ஆச்சரியம் கொடுக்கணுமாம்."

மாமனார் கொட்டிலிலிருந்து வெளியே வந்தார். பழைய வன காவலர் தொப்பி தலையில். சோவியத் காலத்தில் அரசு கொடுத்த தொப்பி. கல்யாணத்துக்கும் ஓட்டு போடவும்தான் அதை எடுப்பார். முகமெல்லாம் சிரிப்பு. ஊரே கறுத்த கையோடு திரிகிற மாதத்தில் அவர் கை மட்டும் வெள்ளைவெளேரென்று இருந்தது.

அவர் பெயரை இன்னும் எழுதவில்லையே என்று யாரும் குறைப்பட வேண்டாம். குல்பராவோடு நடக்கிறவர்கள் அதைச் சொல்ல முடியாது. இந்த ஊரில் மருமகளாக வந்தவள் புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயால் உச்சரிக்க மாட்டாள். அதே பெயரில் ஒரு கடைக்காரன் இருந்தால் அவனுக்கும் வேறு பெயர் வைத்துத்தான் கூப்பிடுவாள். நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

"மாமா, கையில என்ன?" என்றாள் குல்பரா.

"சுண்ணாம்பும்மா." கையை விரித்துக் காட்டினார். "விருந்தாளி வர்ற வீட்டுக்கு வெள்ளையடிக்காம இருப்பாங்களா? கொட்டை பொறுக்கக் காட்டுல கூடாரம் போட்டிருக்கிறவங்க அத்தனை பேரையும் கூலியில்லாம கைகொடுக்க அஷருக்குக் கூப்பிட்டேன். ஒருத்தன் மாட்டேன்னு சொல்லல. எல்லாரும் சேந்து ஒரே நாள்ல முடிச்சோம். நீ அளக்கற இடம் இருக்கு பாரு, ரோட்டோரம் நாலு வட்டம், அதுல ஒரு மரம் பாக்கியில்ல. அடியிலிருந்து நெஞ்சு உயரம் வரைக்கும் பளிச்சுன்னு அடிச்சாச்சு."

குல்பராவின் முகத்தில் ஈ ஆடவில்லை.

"நெஞ்சு உயரம் வரைக்குமா, மாமா?"

"ஆமா. அந்தச் செகப்பு பெயிண்ட் கோடு திட்டுத்திட்டா அசிங்கமா இருந்துச்சு. அதையும் மூடிட்டேன். தகடெல்லாம் துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. கழட்டி, தேய்ச்சு, பெட்டியில பத்திரமா வச்சிருக்கேன்."

காடு முழுவதையும் அளக்க முடியாது. அதனால் அங்கங்கே வட்டமாகக் கொஞ்சம் இடம் குறித்து, அதிலுள்ள மரங்களுக்கு எண் தகடு அடித்து, நெஞ்சு உயரத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டின் மேல்தான் ஒவ்வொரு முறையும் நாடா வைத்துச் சுற்றளவு எடுப்பது. விழுந்து கிடக்கிற கட்டைக்கும் கணக்கு உண்டு. அந்த வட்டங்களை வைத்துத்தான் மொத்தக் காட்டின் கணக்கு. ஆகவே மற்ற காடு எப்படி இருக்கிறதோ அப்படியே அவையும் இருக்க வேண்டும். விசேஷமாக ஒரு கை அங்கே படக் கூடாது. குழுவில் சேர்கிற எல்லாருக்கும் குல்பரா முதல் நாள் சொல்கிற பாடம் அது. மாமனார் குழுவில் இல்லை. வீட்டில் இதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"கீழ விழுந்த கட்டை, மாமா? அது இருக்கில்ல?"

"பெருக்கித் தள்ளியாச்சு. வீடு கூட்டாம விருந்தாளியக் கூப்பிடறதா?" அவள் முகம் மாறியதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "பயப்படாத. அடுப்புல ஒரு குச்சிகூட வைக்கல. விதி எனக்குத் தெரியும்."

"டிராக்டர்ல ரெண்டு நடை," என்றாள் ஜிபெக், தலையை நிமிர்த்தாமல். "அத்தனையும் சுலூ-சாய் பள்ளத்துல போயிருக்கு. வைக்கோல் போர் மாதிரி குவிச்சிருக்காரு."

மாமனார் மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாராட்டுக்காகத்தான்.

தப்பு பண்ணிட்டீங்க மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரை எதிர்த்து அவள் குரல் எழுந்ததில்லை. அவரும் ஒரு நாளும் அவளை முகம் சுளிக்க வைத்ததில்லை. மரம் அளக்கப் போகட்டும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் அவளுக்காக வாதாடியவரே அவர்தான்.

"அழகா இருக்கும் மாமா," என்றாள்.

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு ஆடு அறுக்கக் கத்தி தீட்டப் போனார்.

"ஏன் அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் ஜிபெக். குல்பரா இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். ஜிபெக்கின் கையிலிருந்த வால்நட் கீழே விழுந்தது.

"ஐயோ. நானும் ரெண்டு வாளி கரைச்சேனே."

ஜீப் வரும் சத்தம் கேட்டது.

* * *

அதிகாரி அல்மாட்டியிலிருந்து வந்த கசாக் பெண். சவுலே என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவள், முழங்கால் வலிக்காரி, கையில் ஊன்றுகோல். தோளில் ஒரு நீலப் பை. அதன் ஜிப்பை இழுத்தால் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். கோபப்படாத பெண் என்று குல்பராவுக்குக் காட்டு ஏற்றத்திலேயே தெரிந்துவிட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. கோபப்படுகிறவர்களைச் சமாதானப்படுத்தலாம்.

மாமனார் வீட்டில் ஆட்டோடு இருந்துவிட்டார். அல்லா செய்த உதவி.

முதல் வட்டம். வளைவு திரும்பியதும் சவுலே நின்றாள். பழுத்த இலையெல்லாம் மஞ்சளாய்ச் சொரிந்துகொண்டிருக்க, நடுவில் வரிசையாக வெள்ளைக் கால்சட்டை போட்ட மரங்கள். கீழே ஒரு சுள்ளி இல்லை. முற்றம் மாதிரிக் கூட்டியிருந்தது.

சவுலே வெகுநேரம் பார்த்தாள்.

"இது காடா, ஆஸ்பத்திரியா?"

குல்பரா வழியெல்லாம் யோசித்து வைத்த பொய்கள் மூன்று இருந்தன. பூச்சிக்கு மருந்து என்பது ஒன்று. மற்ற இரண்டும் இப்போது ஞாபகம் வரவில்லை.

"வெள்ளையடிச்சுட்டாங்க அக்கா," என்றாள். "நீங்க வர்றீங்கன்னு. நான் ஊர்ல இல்லாத நேரத்துல."

"நான் வர்றேன்னு காட்டுக்கு வெள்ளையடிச்சாங்களா?"

"ஆமா அக்கா. மரியாதைக்கு."

சவுலே ஒரு மரத்தருகே போய் நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினாள். உள்ளே சிவப்புக் கோடு கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அவள் உதட்டோரம் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"பாரும்மா. எனக்குப் புரியுது. ஆனா எனக்குப் புரிஞ்சதை வச்சு நான் எழுத முடியாது. ஆள் போய்ச் சீவிச் சிங்காரிச்ச இடத்தை வச்சு மொத்தக் காட்டைக் கணக்குப் போட்டா அது பொய்க் கணக்கு. இந்த நாலு வட்டமும் தள்ளுபடி. சாயங்காலம் கம்ப்யூட்டர்ல குலுக்கிப் போட்டுப் புதுசா நாலு இடம் எடுக்கறேன். நாளைக்கு அதை அளப்போம். முன்ன சொன்ன கணக்குக்கு அது குறையாம வந்தா, சரி."

"நாளைக்கே அளந்துடலாம் அக்கா," என்றாள் குல்பரா.

"ஆனா ஒண்ணு. புது இடத்துலயும் இதே மாதிரி கை வச்சிருக்கறது தெரிஞ்சா, பையைக் கட்டிட்டுக் கிளம்பிடுவேன். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

"சரிக்கா."

"இதைச் செஞ்சது யாரு?"

"எங்க வீட்டுப் பெரியவர்."

"பேரு?"

குல்பரா வாயைத் திறந்தாள். மூடினாள். தரையைப் பார்த்தாள்.

"பேரு வேணும்மா. தனி ஆள் தெரியாம செஞ்சதுன்னு எழுதினாத்தான் கமிட்டி தப்பிக்கும். பேரு இல்லாம விட்டா கமிட்டியே கூடிச் செஞ்சதாத்தான் அர்த்தம்."

"தெரியும் அக்கா. ஆனா..."

"மாமனாரா?"

குல்பரா தலையை ஆட்டினாள். படித்த பெண்ணாக நிற்க வேண்டிய நேரத்தில் புதுப்பெண் மாதிரி நிற்கிறோமே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் அந்தப் பெயர் தொண்டையைத் தாண்டி வரவில்லை.

சவுலே பேனாவை மூடினாள். "என் மாமனார் பேரை, அவர் செத்த சர்டிபிகேட் வாங்கப் போனப்பகூட நான் சொல்லல. பக்கத்துல நின்ன ஆள்தான் சொன்னான். சரி. வேற யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லு. எனக்கு இன்னிக்கு வேணும்."

* * *

"எங்கப்பா பேரை நான் போய் எழுதிக் கொடுக்கணுமா?" என்றாள் ஜிபெக், அண்டாவிலிருந்த இறைச்சியைக் கிளறிக்கொண்டே. "நல்லா இருக்கு. நீங்க மரியாதைக்கார மருமக, நான் அப்பனைக் காட்டிக் கொடுக்கற மகளா? போங்க அண்ணி."

"காட்டிக் கொடுக்கறது இல்ல ஜிபெக். கமிட்டியைக் காப்பாத்தறது."

"அவருக்கு அந்த வித்தியாசம் புரியுமா? ஊர்ல ஒருத்தன்கிட்டயும் தலைகுனிஞ்சு நிக்காத மனுஷன்."

குல்பரா தேநீர்க் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே விருந்து பரப்பியாகிவிட்டது. கதவுக்கு நேர் எதிரே, அடுக்கிய மெத்தைகளுக்கு முன்னால், மரியாதைக்குரிய இடத்தில் சவுலே. மாமனார் ஆட்டின் இடுப்பெலும்பை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அதற்கு மேல் ஒரு மரியாதை ஒரு பெண் விருந்தாளிக்கு இந்த ஊரில் கிடையாது. குல்பரா கதவோரம் வெந்நீர் கொதிக்கிற சமோவர் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றினாள்.

"காடு எப்படி இருந்துச்சு, மகளே?" என்றார் மாமனார்.



சவுலே ரொட்டியைப் பிய்த்தாள். "வெள்ளையா இருந்துச்சு, பெரியவரே. அப்படி ஒரு காட்டை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல."

"பாத்தியா?" என்று மாமனார் மகளைப் பார்த்துச் சிரித்தார். ஜிபெக் சிரிக்கவில்லை. அவர் மருமகளைப் பார்த்தார். அவளும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் முகத்தில் நின்றுவிட்டு, போகும் வழி தெரியாமல் போனது.

அந்தப் பதற்றத்தில் குல்பரா சவுலேக்குக் கிண்ணம் நிறைய, விளிம்பு தளும்பத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டாள். அரைக் கிண்ணம் ஊற்றினால் இன்னும் இருங்கள் என்று அர்த்தம். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம். குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

"அண்ணி, விரட்டியே விட்டுட்டீங்க," என்று ஜிபெக் முணுமுணுத்தாள்.

சவுலே கிண்ணத்தைப் பார்த்தாள், குல்பராவைப் பார்த்தாள், குடித்தாள். பிறகு பையிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வா, இங்க வந்து பாரு. நீயும் பாக்கக் குலுக்கறதுதான் நியாயம்."

காட்டின் படம் விரிந்தது. பொத்தானை அழுத்தினாள். முதல் புள்ளி கிழக்குச் சரிவில் விழுந்தது. இரண்டாவது ஓடைக்கு மேலே. மூன்றாவது வேலிக்கு உள்ளே, இளங்கன்றுகள் முளைத்து வருகிற இடம். மூன்றிலும் குல்பராவுக்கு ஒவ்வொரு மரமும் தெரியும். மூன்றும் தேறும். அவள் நெஞ்சிலிருந்த பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

நாலாவது புள்ளி விழுந்தது.

"இது என்ன இடம்?" என்றாள் சவுலே.

"சுலூ-சாய் பள்ளம்," என்றாள் குல்பரா. வாசல் பக்கம் ஜிபெக்கின் கையிலிருந்த தட்டு மற்றொரு தட்டில் இடித்தது.

நாலு வட்டத்துக் கட்டையும் குவிந்து கிடக்கிற இடம்.

* * *

தூரத்தில் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. குல்பரா சாம்பல் கொட்டப் போகிறவள் போல வாளியை எடுத்துக்கொண்டு கொட்டில் பக்கம் வந்து நின்றாள்.

யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? நாளை அந்த வட்டத்தை அளப்பார்கள். பள்ளத்தில் காற்றுக்கு விழுந்த கட்டை என்று நினைத்துக் கணக்கில் சேர்ப்பார்கள். கணக்கு குறையாது, கூடும். சவுலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். தவணை வரும். வேலை வரும். மக்சத் வருவான்.

சொன்னால்? கை பட்ட இடம். சவுலே பையைக் கட்டுவாள். அடுத்த வருஷம்.

அவர்கள் கட்டை திருடவில்லை. மரம் வெட்டவில்லை. காடு உண்மையிலேயே வளர்ந்திருக்கிறது, அவள் நாடா பிடித்து அளந்திருக்கிறாள். இதில் என்ன பெரிய பொய் என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கேட்கும்போதே அது பொய் என்று தெரிந்துதான் இருந்தது.

செல்போன் அடித்தது.

"குல்? மேஸ்திரி பக்கத்துலயே நிக்கறான். என்ன ஆச்சு?"

"இன்னும் முடியலங்க. நாளைக்கும் அளக்கறாங்க."

"நாளைக்குன்னா நான் என்ன சொல்றது? இப்ப கையெழுத்து போடலேன்னா என் இடத்துக்கு வேற ஆளு ரெடியா இருக்கான். தேறுமா, தேறாதா, அதைச் சொல்லு."

அவள் கொட்டில் சுவரில் சாய்ந்தாள்.

"குல், அப்பா ஏதாவது சொன்னாரா? ஏதாவது கோளாறா?"

"மாமா ஆசையா ஒண்ணு பண்ணிட்டாருங்க. காட்டுக்கு வெள்ளையடிச்சுட்டாரு. அந்த நாலு இடத்தையும் ஒதுக்கிட்டாங்க. ஆனா... புது இடம் எடுத்திருக்காங்க. அதுல ஒண்ணு சுலூ-சாய். மாமா பெருக்கின கட்டையெல்லாம் அங்கதான் கிடக்கு. அது அவங்களுக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் நமக்கு நல்லதுதான்."

மக்சத்துக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப தேறும்னு சொல்ற."

மகள் வரைந்த படம் குல்பராவின் கண்முன் வந்தது. செல்போன் சதுரம், உள்ளே மீசை.

"கையெழுத்து போடாதீங்க," என்றாள். "வந்துடுங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கொட்டில் கதவருகே மாமனார் நின்றிருந்தார். கையில் ஆட்டுத்தோல். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது.

"வெள்ளையடிச்சது தப்பாம்மா?"

"மாமா, நீங்க மரியாதைக்குத்தானே..."

"கேட்டதுக்குச் சொல்லு."

"தப்பு, மாமா."

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் கடுஞ்சொல் அது. அவர் தலையை ஆட்டினார்.

"காலையில ஏன் அழகா இருக்கும்னு சொன்னே?"

அவள் அழுதுவிட்டாள். அவர் ஆட்டுத்தோலை வேலியில் போட்டுவிட்டு, தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவ ஆரம்பித்தார். ரத்தம் போனது. நகக்கண்ணில் இருந்த சுண்ணாம்பு போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"பேரு ஒண்ணு கேட்டாங்களாமே. ஜிபெக் சொன்னா."

"அது நான் பாத்துக்கறேன் மாமா. நீங்க போய்ப் படுங்க."

"நீ எப்படிப் பாத்துப்ப? உன்னால என் பேரைச் சொல்ல முடியாது." துண்டில் கையைத் துடைத்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டார். வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"மாமா, பேரை மட்டும் சொல்லுங்க. பள்ளத்தைப் பத்திச் சொல்லாதீங்க. இன்னொண்ணு தெரிஞ்சா கிளம்பிடுவேன்னு சொல்லியிருக்காங்க. உங்க பையன்கிட்ட வரச் சொல்லிட்டேன். இந்நேரம் மேஸ்திரிகிட்ட முடியாதுன்னு சொல்லியிருப்பாரு."

மாமனார் நின்றார். அவருக்கு அவன் ஒரே மகன். கண் மங்கிவருகிறது, அவன் முகத்தை நேரில் பார்த்துவிட்டால் போதும் என்று போன குளிர்காலத்தில் அவரே சொன்னார்.

"நம்ம ஆட்டைத் தின்னுட்டு உக்காந்திருக்கா அந்தப் பொண்ணு," என்றார். "அவளை ஏமாத்தி அனுப்பறதா?"

"மாமா..."

"விருந்தாளிக்குன்னுதானே வெள்ளையடிச்சேன்."

அவர் போய்விட்டார். இந்த ஊர் மருமகள் மாமனாரின் கையைப் பிடித்து நிறுத்த முடியாது. அவளால் முடிந்தது பின்னாலேயே ஓடுவது மட்டும்தான். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அவள் கதவுக்கு வெளியே நின்றாள். பக்கத்தில் ஜிபெக், கறுத்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

உள்ளே அவர் குரல் கேட்டது. ராணுவத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி, முதலில் குடும்பப் பெயர், பிறகு தன் பெயர்.

"அபிலோவ் கல்முர்சா. எழுதிக்க மகளே. வெள்ளையடிச்சது நான். அந்தக் கட்டையை அள்ளி சுலூ-சாய் பள்ளத்துல குவிச்சதும் நான்தான். நாளைக்கு நீ அளக்கப் போற இடத்துல கிடக்கறது அங்க விழுந்த கட்டை இல்ல."



"பெரியவரே," என்றாள் சவுலே, "இதைச் சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். என் பையன் வர்ற வழி அடைஞ்சு போகும்."

"அப்புறமும் சொல்றீங்க."

"என் மருமக சொல்ல மாட்டா. அவளை அப்படி ஒரு இடத்துல நிறுத்திட்டேன். அது என் தப்பு. அவ பேரை எங்கயும் எழுதாத. அளவு நாடாவை அவ கையிலிருந்து வாங்கிடாத."

குல்பராவின் உதடு அந்தப் பெயரை ஒரு முறை சொல்லிப் பார்த்தது. கல்முர்சா. சத்தம் வரவில்லை.

கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது. மக்சத்திடமிருந்து செய்தி. முடியாதுன்னு சொல்லிட்டேன். டிக்கெட் எடுத்தாச்சு. பாப்பாகிட்ட சொல்லு.

உள்ளே யாரோ எழுந்தார்கள். ஊன்றுகோல் தரையில் இரண்டு முறை பட்டது. பிறகு அந்த நீலப் பையின் ஜிப், துணி கிழிகிற மாதிரி, நீளமாகச் சத்தம் போட்டது.

திறக்கிற சத்தமா மூடுகிற சத்தமா என்று கதவுக்கு வெளியே நின்ற இருவருக்கும் தெரியவில்லை.